வைக்கோல் பிரி கட்டிய ஓக் மரங்கள்

எங்கள் ஊரில் குளிர்காலம் தொப்பிக்குள்ளிருந்துதான் வரும். பனி விழுவதும் குளம் உறைவதும் அதற்குப் பிறகுதான். விறகு மேஸ்திரி ஹெட்விக் தன் பச்சைக் கம்பளித் தொப்பியைக் கழற்றி, எண் செதுக்கிய மரச் சில்லுகளை அதற்குள் போட்டுக் குலுக்குகிற ஞாயிற்றுக்கிழமை மட்டும் ஹாசல்ராய்ட்டில் யாரும் தேவாலயத்தில் தூங்குவதில்லை. பிரசங்கம் எப்போது முடியும் என்று கண்விழித்துக் காத்திருப்பார்கள்.

விறகுரிமை உள்ள ஒவ்வொரு வீட்டுக்கும் ஒரு சில்லு. காட்டில் அந்த ஆண்டு முறை வந்த பகுதியை முளையடித்து நீளநீளமான பங்குகளாகப் பிரித்திருப்பார்கள். எந்தப் பங்கு யாருக்கு என்பதைத் தொப்பி முடிவு செய்யும். டிராக்டர் நேராக உள்ளே போகிற பங்கும் உண்டு, ஓடைக்கு அந்தப் பக்கம் முதுகில் சுமந்து வரவேண்டிய பங்கும் உண்டு. பிடிக்காதவர்கள் தங்களுக்குள் மாற்றிக்கொள்ளலாம். ஆனால் பக்கத்தில், வினிகரும் வெங்காயமும் போட்ட நீரில் சாசேஜ் வேகிற கொப்பரை காலியாகும் வரைதான். கடைசி சாசேஜை யாராவது எடுத்துவிட்டால் அப்புறம் பேச்சே கிடையாது. அதனால் மாற்ற நினைப்பவர்கள் பல்வலிக்காரர்களைப் போல மெல்லுவார்கள். அடுத்தவர் பேரம் படியக் கூடாது என்று நினைப்பவர்கள் வாத்துகளைப் போல விழுங்குவார்கள்.

அந்த ஆண்டு எங்கள் வீட்டுக்காகத் தொப்பிக்குள் கைவிட்டவன் என் கணவன் வெண்டெலின். அதுவரை அம்மாதான் கைவிடுவாள், அம்மாதான் வெட்டுவாள். அவளுக்கு முழங்காலை மாற்றி வைத்திருந்தார்கள். என் இடது கையில் மாவுக்கட்டு. திராட்சை மது கூட்டுறவுச் சங்கத்தின் நிலவறைப் படிகளில் வழுக்கி விழுந்திருந்தேன். மிச்சமிருந்தது வெண்டெலின். பள்ளிப் பேருந்து ஓட்டுகிறவன், அமைதியானவன், ஆனால் டானாக் ஊர்க்காரன். டானாக் மலைக்கு அந்தப் பக்கம் இருக்கிறது. அங்கே ஊசியிலைக் காடு. இங்கேயிருந்து பார்த்தால் அது வேறு தேசம்.

வெளியூரிலிருந்து வந்தவர்களுக்கு முதல் பங்கு ஒரு பரீட்சை. மே மாதத்தில் எல்லோரும் சேர்ந்து காட்டைச் சுற்றிவருவோம். பங்கைச் சரியாக வெட்டியிருந்தால் பெரிய ஓக் மரத்தடியில் ஹெட்விக் அவன் பெயரை உரக்கச் சொல்லுவாள். அன்றிலிருந்து அவன் ஊர்க்காரன். சரியாக வெட்டவில்லை என்றால் என்ன ஆகும் என்று யாரும் பேசிக்கொள்வதில்லை. சரியாக வெட்டாதவர்கள் அதுவரை இல்லை.

வெண்டெலினுக்கு ஓடையோரப் பங்கு விழுந்தது. நல்ல பங்குதான், ஒரு மூலையில் மட்டும் முள்புதர் மண்டிக் கிடந்தது. சில வருடங்களுக்கு முன் புயலில் ஒரு கிழ ஓக் சாய்ந்து வானம் திறந்துகொண்ட இடம் அது. பக்கத்துப் பங்கு ஆல்பனுக்கு. ஆல்பன் எங்கள் தெருவில் திராட்சைத் தோட்டம் வைத்திருப்பவன். அவன் கைகள் ஓய்ந்தாலும் வாய் ஓயாது.

"டானாக்காரா, மாத்திக்கறியா? எங்கிட்ட முள்ளு கொஞ்சம் கம்மி."

"இருக்கட்டும். எனக்கு விழுந்தது எனக்கு."

"பாருங்கப்பா, அதுக்குள்ள ஊர்க்காரன் மாதிரி பேசறான்."

அடுத்த சனிக்கிழமை காலையில் நான் சங்கத்துக்கு வேலைக்குப் போனேன். வெண்டெலின் ரம்பத்தையும் டிரெய்லரையும் எடுத்துக்கொண்டு காட்டுக்குப் போனான். நான் மதியம் வீடு திரும்பும்போது அவனும் திரும்பி வந்துகொண்டிருந்தான். முகமெல்லாம் சிரிப்பு.

அம்மா ஊன்றுகோலோடு வாசலுக்கு வந்தாள்.

"என்ன, ரம்பம் உடைஞ்சுபோச்சா?"

"இல்லம்மா, வேலை முடிஞ்சுபோச்சு. மத்தவங்க எல்லாம் இன்னும் அறுத்துக்கிட்டே இருக்காங்க. ஆல்பன் இந்தக் குளிர்ல சட்டையைக் கழட்டிட்டான், பாவம். கையாட்டிட்டு வந்தேன்."

"கையாட்டினியா?"

"அவனும் ஆட்டினான். வாயைத் தொறந்தான், ஆனா ஒண்ணும் சொல்லல. அதுதான் ஆச்சரியமா இருந்துச்சு."

அம்மா டிரெய்லர் அருகில் போய் ஒரு கட்டையின் பட்டையில் விரலை வைத்தாள். பிறகு அடுத்த கட்டையில் வைத்தாள். பிறகு கையை எடுத்துக்கொண்டாள்.

"இது என்ன மரம்?"

"ஓக். என்ன ஒரு ஓக். இவ்வளவு நேரான மரத்தைப் போய் அடுப்புக்குக் குடுக்கறீங்களேன்னு எனக்கே மனசு கேக்கல. அஞ்சே அஞ்சு மரத்தை வெட்டினாப் போதும்னு விட்டுட்டீங்க. ரொம்பச் சிக்கனம் உங்க ஊர்ல."

"அதுல ஏதாவது கட்டியிருந்துச்சா?"

"ஆமா, வைக்கோல் பிரி. அதைப் பாத்துத்தானே வெட்டினேன். ஒண்ணையும் அறுக்கல, பத்திரமா அவுத்து வச்சிருக்கேன். அடுத்த வருஷம் உதவும்ல."

டிராக்டர் இருக்கையின் மேல் ஐந்து வைக்கோல் பிரிகளும் துவைத்த காலுறைகளைப் போல அழகாக மடித்து வைக்கப்பட்டிருந்தன.

அம்மா விறகு பிளக்கும் அடிக்கட்டையின்மேல் உட்கார்ந்துவிட்டாள். மருத்துவர் அவளை அவ்வளவு தாழ்வாக உட்காரக் கூடாது என்று சொல்லியிருந்தார்.

எங்கள் காட்டில் இரண்டு மாடி. மேல்மாடியில் ஓக் மரங்கள், ஒன்றுக்கொன்று எட்டி நின்று வெயிலை வாங்கிக்கொள்ளும். கீழே ஹார்ன்பீம், ஹேசல், மேப்பிள் எல்லாம் நெருக்கமாக வளரும். கீழ்மாடியைத்தான் நாங்கள் அடியோடு வெட்டுவோம். அடிக்கட்டையிலிருந்து மறுதாம்பு கிளம்பிவரும். அடுத்த முறை வரும்போது பழையபடி காடாகியிருக்கும். ஓக் மட்டும் அப்படியே நிற்கும். இளம் ஓக் மரங்களில் எது நாளைக்கு மேல்மாடிக்குப் போகவேண்டுமோ அதற்கு ஹெட்விக் வைக்கோல் பிரி கட்டுவாள். அதாவது, தொடாதே. பிரி இல்லாதது எல்லாம் அடுப்புக்கு.

டானாக்கில் பெரிய மரங்களைத்தான் விற்பார்கள். எதை வெட்டவேண்டுமோ அதற்கு வனக்காரர் வளையம் போடுவார். ஆகவே வெண்டெலின் அடையாளம் இருந்ததை வெட்டினான், இல்லாததை விட்டான். அவனிடம் யாரும் சொல்லவில்லையா என்றால், சொல்லவில்லை. எப்படி மூச்சுவிடுவது என்று நாங்கள் யாருக்கும் சொல்லித் தருவதில்லை, அதுபோலத்தான்.

சாயங்காலமே ஹெட்விக் வந்துவிட்டாள். அடுப்புகளுக்குப் புகைக்கூண்டு கட்டுவது அவள் தொழில், தோளில் எப்போதும் கொஞ்சம் கரி இருக்கும். சமையலறையில் உட்கார்ந்து, மடித்த பிரிகளை ஒவ்வொன்றாக எடுத்துப் பார்த்தாள்.

"யாரு மடிச்சது?"

"நான்தான்," என்றான் வெண்டெலின். அதற்குள் அவனுக்கு எல்லாம் தெரிந்திருந்தது. முகம் சுண்ணாம்பாகியிருந்தது.

"நல்லா மடிச்சிருக்கே." அவள் உதடு ஒரு பக்கம் துடித்தது. அடக்கிக்கொண்டாள். "விதி இருக்கு, வெண்டெலின். பழைய விதி. நான் எழுதினது இல்ல. நிறுத்தின ஓக்கை வெட்டின வீட்டுச் சில்லு தொப்பிக்குள்ள போகாது. எதுவரைக்கும்னா, இன்னொரு ஓக் அதே பருமனுக்கு வர்ற வரைக்கும்."

"அதுக்கு எத்தனை நாளாகும்?"

"நாளா?" என்றாள் ஹெட்விக். "உனக்குப் பேரன் இருப்பான்."

அடுப்பில் கட்டை வெடித்தது. எங்கள் வீட்டுக்கு வேறு சூடு கிடையாது. வெந்நீர், ரொட்டி, எல்லாமே காட்டு விறகில்தான். விலைக்கு வாங்கலாம்தான். ஆனால் ஹாசல்ராய்ட்டில் விலைக்கு விறகு வாங்குகிற வீட்டை வாடகை வீடு என்பார்கள்.

"வேற வழியே இல்லையா?" என்று கேட்டேன்.

"ஒண்ணு இருக்கு. ஒவ்வொரு மரத்துக்கும் ஒரு ஓக் கன்னு காட்டணும். அவனோட பங்குக்குள்ளேயே, முழங்கால் உயரமாவது, உயிரோட. மே சுத்துக்கு வரும்போது அது மேல வெயில் விழணும். முக்கியமா, காடு தானாப் போட்ட கன்னா இருக்கணும். நட்டது செல்லாது."

"அஞ்சு கன்னுதானே? இவ்வளவு பெரிய ஓக் காட்டுல கெடைக்காதா?" என்றான் வெண்டெலின். முகத்தில் நிறம் திரும்பியது.

ஹெட்விக் அவனைப் பார்த்தாள். அம்மா பூனையைப் பார்த்தாள்.

அன்றிலிருந்து அம்மா அவனிடம் நேராகப் பேசவில்லை. பூனை வழியாகப் பேசினாள். "மின்கா, சூப் ஆறுதுன்னு அவன்கிட்ட சொல்லு." "மின்கா, பூட்ஸை வாசல்ல கழட்டணும்னு அங்க யாருக்கும் தெரியாதோ?" வெண்டெலினும் பூனையைப் பார்த்தே பதில் சொல்லப் பழகிக்கொண்டான். அந்தக் குளிர்காலத்தில் மின்கா எங்கே போனாலும் பேச்சுவார்த்தை அதைத் தேடி வந்தது. கடைசியில் பூனை கட்டிலுக்கடியில் போய்ப் படுத்துக்கொள்ள ஆரம்பித்தது.

ஓக்கை வெட்டிவிட்டான் என்பதற்காக மிச்சத்தை வெட்டாமல் விட முடியாது. வசந்தத்துக்கு முன்னால் கீழ்மாடி முழுவதையும் இறக்கியாகவேண்டும். வார இறுதிகளில் அவனோடு நானும் போனேன். ஒரு கையால் குச்சிகளைப் பொறுக்கி அடுக்கினேன். ஹார்ன்பீம் தண்டு மற்ற மரங்களைப் போல உருண்டையாக இருக்காது. சாம்பல் நிறத் தோலுக்கடியில் தசை முறுக்கேறிய மாதிரி புடைத்து வளைந்திருக்கும். முதல் மரத்திலேயே ரம்பத்தின் பல் மழுங்கிவிட்டது.

"இது மரமா, மல்யுத்தக்காரன் கையா?" என்றான் வெண்டெலின்.

பக்கத்துப் பங்கிலிருந்து ஆல்பன் குரல் வந்தது. "டானாக்காரா, ஒரு சந்தேகம். இந்த மரத்துல ஒண்ணும் கட்டல. வெட்டலாமா, கும்பிடலாமா?"

"கும்பிடு. உனக்குப் புண்ணியமாவது சேரும்."

"வாய் வந்துருச்சு. சீக்கிரம் ஊர்க்காரன் ஆயிடுவே. காடுதான் இருக்காது."

பேருந்தில் பிள்ளைகள் இன்னும் மோசம். ஒருநாள் அவன் இருக்கையில் வைக்கோல் பிரி கட்டியிருந்ததாம். இறக்கிவிடவேண்டிய ஆள் யார் என்று அவனுக்குக் குழப்பமாகிவிடக் கூடாது என்றார்களாம். அந்தப் பிரியையும் மடித்துப் பையில் வைத்துக்கொண்டு வந்தான்.

காட்டில் இன்னொரு வம்புக்காரனும் இருந்தான். ஜே பறவை. காக்கை இனம்தான், ஆனால் பழுப்பு உடம்பு, இறக்கையில் வானத்தைக் கிள்ளி ஒட்டியதுபோல நீலக் கீற்று. நாங்கள் உள்ளே நுழைந்ததும் துணி கிழிகிற மாதிரி கத்தும். வெண்டெலின் முள்மூலைப் பக்கம் போனால் இரண்டு மடங்கு கத்தும்.

ஒரு மரத்துக்கும் அடுத்த மரத்துக்கும் நடுவில் கிடைத்த நேரத்திலெல்லாம் அவன் மண்டியிட்டுக் கன்று தேடினான். ஆயிரக்கணக்கில் இருந்தன, எல்லாம் ஹார்ன்பீம். மேப்பிள் கொஞ்சம். ஓக் ஒன்றுகூட இல்லை. ஹார்ன்பீம் கன்று நிழலிலேயே குடித்தனம் நடத்தும். ஓக் கன்று அப்படியல்ல. கொட்டைக்குள் இருக்கிற சாப்பாடு தீரும்வரை நிற்கும், பிறகு மேலே பார்த்து, வெயில் இல்லை என்றதும் போய்விடும். தப்பிப் பிழைத்ததை மான் தின்றுவிடும். இவ்வளவு பெரிய ஓக்குகளுக்குக் கீழே ஒரு ஓக் பிள்ளைகூட இல்லை என்பதை அவனால் நம்பவே முடியவில்லை.

"லியோபா, இத்தனை அம்மாக்கள் நிக்கறாங்க. ஒருத்தர் வீட்டுலயும் கொழந்தை இல்லையே."

"அதுக்குத்தான் பிரி கட்டறோம்," என்றேன். சொன்ன பிறகு வருத்தப்பட்டேன். அவன் அந்த ஐந்து அடிக்கட்டைகளையும் மாறிமாறிப் பார்த்துக்கொண்டிருந்தான்.

வசந்தம் வந்தது. எங்களுடைய பங்கில் அது வந்த விதத்தை நான் இன்னும் சில இரவுகளில் தூங்குவதற்கு முன் நினைத்துக்கொள்கிறேன். கூரை போய்விட்ட தரையில் வெயில் நேராக வந்து உட்கார்ந்தது. முதலில் நீல ஈரல்பூக்கள், சருகுகளை நெற்றியால் முட்டிக்கொண்டு. பிறகு ஒரே வாரத்தில் வெள்ளை அனிமோன். மேகம் வந்தால் எல்லாம் சேர்ந்து தலை குனியும், மேகம் போனால் எல்லாம் சேர்ந்து நிமிரும். நுரையீரல் பூ ஒரே செடியில் இளஞ்சிவப்பாகத் திறந்து நீலமாக முதிர்ந்தது. ஓடைப் பக்கம் காட்டுப்பூண்டு பச்சைக் கம்பளம் விரித்தது, நடந்தால் பூட்ஸெல்லாம் சமையல் மணம். வெட்டாத பகுதிகளில் ஹார்ன்பீம் இலை விடுவதற்குள் இந்தப் பூக்கள் அவசரமாகத் திருவிழாவை முடித்துக்கொள்ளும். எங்கள் பங்கில் அவசரப்பட வேண்டியதில்லை. ஊரே பார்க்க வந்தது. ஆல்பனின் மனைவி நாற்காலி கொண்டுவந்து உட்கார்ந்தாள்.

"எப்படியோ, தரையை நல்லாத் தொறந்திருக்கான்," என்றாள். எனக்கு அவளைக் கட்டிக்கொள்ளலாம் போலிருந்தது.

வெட்டிய ஓக் அடிக்கட்டைகளிலும் சிவப்பு மொட்டுகள் வந்தன. வெண்டெலின் ஓடிப்போய் ஹெட்விக்கை அழைத்து வந்தான்.

"பொழைச்சுக்கிச்சு. பாரு, அஞ்சும்."

"நல்லது. ஆனா கட்டையில வர்றது மறுதாம்பு. கன்னு இல்ல." போகும்போது அவன் தோளில் தட்டினாள். கரி ஒட்டிக்கொண்டது. "தேடு. இன்னும் இருக்கு நாள்."

மே சுற்றுக்கு முந்திய வாரத்தில் ஒருநாள், வேலை முடிந்து இருவரும் அங்கே போய் விழுந்த கிளை ஒன்றின்மேல் உட்கார்ந்து ரொட்டி சாப்பிட்டோம். ஜே வந்தது. எங்களைப் பார்த்துக் கத்தியது. பிறகு முள்மூலைக்குள் இறங்கிக் காணாமல் போனது. கொஞ்ச நேரத்தில் வாயில் எதையோ கவ்விக்கொண்டு எழுந்து பறந்தது. திரும்பி வந்து மறுபடி இறங்கியது.

"அந்த முள்ளுக்குள்ள என்ன இருக்கு அதுக்கு?" என்றான் வெண்டெலின். "பழமா? மே மாசத்துல ஏது பழம்?"

நான் மெல்லுவதை நிறுத்தினேன். இலையுதிர் காலத்தில் ஜே ஓக் கொட்டைகளைத் தொண்டைப்பை நிறைய அள்ளிக்கொண்டுபோய் மண்ணில் ஒளித்துவைக்கும். வசந்தத்தில் முளை வெளியே வந்ததும், அதைப் பிடித்து இழுத்து மிச்சக் கொட்டையைத் தின்னும். இது எனக்குத் தெரியும், ஊரில் எல்லோருக்கும் தெரியும். ஆனால் முள்மூலையை நாங்கள் யாரும் காடு என்றே நினைத்ததில்லை. அது பேன்ட்டைக் கிழிக்கிற இடம், அவ்வளவுதான்.

நான் சொல்லி முடிப்பதற்குள் அவன் படுத்து, ஊர்ந்து, உள்ளே போயிருந்தான். முதலில் காலணிகள் தெரிந்தன. பிறகு அவையும் தெரியவில்லை.

"இருக்கா?"

"விரல் உயரத்துல நெறைய இருக்கு. இத்தனூண்டு."

"முழங்கால் உயரம் வேணுமே."

"இரு." துணி கிழிகிற சத்தம். "லியோபா." அப்புறம் முள் முறிகிற சத்தம். "லியோபா, இங்க ஒருத்தன் நிக்கறான்."

நான்கு பேர் நின்றார்கள். கிழ ஓக் விழுந்து வெயில் வந்த அந்த ஆண்டே ஜே ஒளித்துவைத்து மறந்துபோன கொட்டைகள். மான் மூக்கை நீட்ட முடியாதபடி முள் சுற்றிலும் வேலி கட்டியிருந்தது. கோணலாக, மெலிந்து, வெண்டெலினின் முழங்காலுக்கு மேல். புது இலைகள் இன்னும் பச்சையாகாமல் செம்பு நிறத்தில் பளபளத்தன. குளிர்காலம் முழுவதும் அவை அங்கேதான் நின்றிருக்கின்றன. பழைய பழுப்பு இலைகளை உதிர்க்காமல், அதேபோல உதிர்க்காத ஹார்ன்பீம் கன்றுகளின் நடுவே, ஒளிந்து.

ஐந்தாவது மட்டும் இல்லை. இருட்டும்வரை தேடினோம், அடுத்த நாளும் தேடினோம். ஐந்தாவது கிடைக்கவில்லை.

"மின்கா," என்றாள் அம்மா அன்றிரவு, அவன் முதுகில் மருந்து தடவுவதற்காகப் பஞ்சை என்னிடம் நீட்டியபடி, "நாலு கன்னுக்கு எவ்வளவு கீறல்னு யாராவது எண்ணினாங்களா?"

மே சுற்று வந்தது. காலையில் ஊரே காட்டுக்குப் போனது. அம்மாவை டிரெய்லரில் முக்காலி போட்டு உட்காரவைத்துக் கூட்டிப்போனோம். பெரிய ஓக் மரத்தடியில் கொப்பரை வைத்தார்கள். மே சுற்றிலும் அதே வழக்கம்தான், எல்லை சம்பந்தமான தகராறு எதுவானாலும் சாசேஜ் இருக்கும்வரை தீர்த்துக்கொள்ளலாம். அம்மா தன் முக்காலியைக் கொப்பரைக்குப் பக்கத்தில் போடச் சொன்னாள். கால் வலிக்கிறதாம், நடக்க முடியாதாம்.

மற்ற பங்குகளைப் பார்த்துவிட்டுக் கூட்டம் எங்கள் பங்குக்கு வந்தது. வெண்டெலின் முள்ளுக்குள் ஒரு சுரங்கப்பாதை வெட்டியிருந்தான். நான்கு கன்றுகளுக்குப் பக்கத்திலும் குச்சி நட்டு, அன்று அவிழ்த்து மடித்துவைத்த அதே வைக்கோல் பிரிகளை அவற்றில் கட்டியிருந்தான். ஐந்தாவது பிரி அவன் கையில் இருந்தது. எங்கே வைப்பது என்று தெரியாதவனைப் போல அதை ஒரு கையிலிருந்து இன்னொரு கைக்கு மாற்றிக்கொண்டிருந்தான்.

ஹெட்விக் கைகளாலும் முழங்கால்களாலும் உள்ளே போனாள். வெளியே எல்லோரும் அவளுடைய பின்பக்கத்தைப் பார்த்தபடி மரியாதையாக நின்றார்கள்.

"ஒண்ணு," என்று குரல் வந்தது. "நல்ல கன்னு. ரெண்டு. மூணு கொஞ்சம் கோணல், பரவால்ல, நாங்களும் கோணல்தான். நாலு." புதர் சரசரத்தது. "அஞ்சு எங்க?"

வெண்டெலின் கையிலிருந்த பிரியைக் குனிந்து பார்த்தான்.

அப்போது முள்ளின் மறுபக்கத்திலிருந்து ஒரு பெரிய சத்தமும், அதைத் தொடர்ந்து அச்சில் ஏற்றக்கூடாத சில சொற்களும் வந்தன. ஆல்பன். தன் பங்கின் பக்கமிருந்து வேடிக்கை பார்க்க எட்டிப் பார்த்தவன் புதருக்குள் தலைகுப்புற விழுந்திருந்தான்.

"செத்துட்டியா?" என்று கேட்டாள் அவன் மனைவி.

"இன்னும் இல்ல. என் பேன்ட் செத்துருச்சு." பிறகு குரல் மாறியது. "ஹெட்விக். இங்க வா. என் மூக்குக்கு நேரா ஒண்ணு நிக்குது."

ஐந்தாவது கன்று. மற்ற நான்கையும்விட உயரம். தலையை எங்கள் பங்குப் பக்கம், வெட்டவெளிப் பக்கம் நீட்டி வெயில் குடித்துக்கொண்டிருந்தது. ஆனால் எல்லை முளைக்குச்சியைத் தேடி முள்ளை விலக்கிப் பார்த்தபோது, வேர் ஆல்பனின் பக்கம் இருந்தது. ஒரு சாண் தள்ளி.

"தலை இங்க, கால் அங்க," என்றாள் ஹெட்விக் மெதுவாக. "கால் எங்கேயோ அதுதான் கணக்கு." அவள் முகத்தைத் துடைத்துக்கொண்டாள். முதல்முறையாக அவளுக்கும் அந்த விதி பிடிக்கவில்லை என்று தோன்றியது.

ஆல்பன் முட்களைப் பிடுங்கிக்கொண்டே நின்றான். குளிர்காலம் முழுவதும் பேசிய வாய் அது. "அப்ப அந்த ஒரு சாணை மாத்திக்கறேன்," என்றான்.

"என்னது?"

"இந்தப் பக்கம் ஒரு சாண் அவனுக்கு. ஓடைப் பக்கம் ஒரு சாண் எனக்கு. அங்க பூண்டு நல்லா வருது. நெலத்துக்கு நெலம், சரியாப்போச்சு. ஆனா ஒரு நிபந்தனை. இந்தப் பிரிக் கதையை நான் எங்க வேணும்னாலும் சொல்லுவேன். இவன் கோவிச்சுக்கக் கூடாது."

"எத்தனை தடவை?" என்றான் வெண்டெலின்.

"சாகற வரைக்கும்."

"சரி."

ஹெட்விக் கையை உயர்த்தினாள். "மாத்தறதுக்கு முன்னாடி ஒண்ணு பாக்கணும்."

எல்லோரும் ஒரே நேரத்தில் பெரிய ஓக் மரத்தடிக் கொப்பரையை நினைத்தோம். நடுப்பகல் தாண்டிவிட்டது. எல்லா பங்குகளையும் சுற்றி முடித்த கூட்டத்தில் பாதி ஏற்கனவே சாப்பாட்டுக்குப் போயிருந்தது. வெண்டெலின் ஓடினான். நான் ஓடினேன். கிழிந்த பேன்ட்டைப் பிடித்தபடி ஆல்பனும் ஓடினான், அவன் ஏன் ஓடவேண்டும் என்று அப்போது யாரும் யோசிக்கவில்லை.

கொப்பரையைச் சுற்றி ஒரு சின்னக் கலவரம் நடந்துகொண்டிருந்தது. அம்மா கொப்பரையின் மூடிமேல் உட்கார்ந்திருந்தாள். மடித்த போர்வையை அடியில் போட்டு, நெருப்பைக் காலால் தள்ளி அணைத்துவிட்டு, கையில் கரண்டியோடு.

"கிரெசென்ஸ், ஒண்ணே ஒண்ணுதான் இருக்கு, அதைப் போய்..." என்று ஒருவர் அம்மாவிடம் கெஞ்சிக்கொண்டிருந்தார்.

"இருக்கட்டும்."

"ஆறிப்போயிடும்."

"ஆறினா உனக்கென்ன? உனக்குப் பல்லே இல்ல."

ஹெட்விக் மூச்சு வாங்க வந்து சேர்ந்தாள். அம்மா எழுந்து, மூடியைத் திறந்து காட்டினாள். வெங்காய வளையங்களுக்கு நடுவே கடைசி சாசேஜ், ஒற்றையாக, கம்பீரமாக மிதந்தது.

"இருக்கு," என்றாள் ஹெட்விக். "மாத்தினது செல்லும்."

பிறகு அவள் ஓக் மரத்தடியில் நின்று, ஓடைக்கு அந்தப் பக்கம் வரை கேட்கும்படி வெண்டெலினின் பெயரைச் சொன்னாள். அதோடு நிற்கவில்லை. அடுத்த வருடத்திலிருந்து பிரி கட்டுகிற வேலையும் அவனுக்குத்தான் என்றாள். "பிரின்னா என்ன அர்த்தம்னு இந்த ஊர்ல இவனைவிட நல்லா யாருக்கும் தெரியாது." சிரிப்பு அடங்க நேரமாயிற்று. கடைசி சாசேஜ் ஆல்பனுக்குப் போனது. அவன் ஓடிவந்த காரணம் அப்போதுதான் புரிந்தது.

ஆல்பன் பேச்சுத் தவறவில்லை, எல்லா இடத்திலும் சொல்கிறான். அவன் சொல்வதில் வெட்டிய ஓக் முப்பதாகிவிட்டது, அம்மா கொப்பரைக்குள்ளேயே உட்கார்ந்திருந்தாள். அதனால்தான் நடந்ததை நடந்தபடி நான் சொல்லவேண்டியிருக்கிறது.

அன்று மாலை எல்லோரும் போன பிறகு நாங்கள் மூவரும் முள்மூலைக்குத் திரும்பினோம். ஹெட்விக் முளைக்குச்சியை ஒரு சாண் நகர்த்தி அடித்திருந்தாள். தலைக்குமேல் ஜே உட்கார்ந்து, இந்த வருடம் எங்கே ஒளித்துவைப்பது என்று யோசிப்பதுபோல அந்தப் பக்கமும் இந்தப் பக்கமும் பார்த்தது. வெண்டெலின் மண்டியிட்டு, ஐந்தாவது கன்றுக்கருகில் குச்சி நட்டு, கையிலிருந்த கடைசிப் பிரியால் இரண்டையும் சேர்த்துச் சுற்றினான். அவிழ்ந்துவிடாதபடி இரண்டு முடிச்சு போட்டான்.

அம்மா ஊன்றுகோலில் சாய்ந்து பார்த்துக்கொண்டிருந்தாள். சுற்றுமுற்றும் பார்த்தாள். மின்கா வீட்டில் இருந்தது.

"வெண்டெலின்," என்றாள். "அவ்வளவு இறுக்காதே. அது வளரணும்."